டிஷ் சிறுத்தது, சேனல் வளர்ந்தது

1997 ஜூலையில் ஒரு நாள், கனால் ஃபிரான்ஸ் இன்டர்நேஷனல் என்ற பிரெஞ்சு சேனலில் தவறுதலாக ஓர் ஆபாசப் படம் அரை மணி நேரம் ஓடிவிட்டது. அரப்சாட் செயற்கைக்கோள் வழியே அது நேராகச் சவூதி வீடுகளுக்குள் போய் இறங்கியது. ரியாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட அரப்சாட் நிறுவனம் அந்தச் சேனலைத் தூக்கியெறிந்தது. காலியான இடம், கத்தாரிலிருந்து இயங்கிய ஒரு வயதுச் செய்திச் சேனலுக்குக் கிடைத்தது. அல் ஜசீராவின் கதை அங்கேதான் திசை மாறியது.

அதுவரை அந்தச் சேனலுக்கு இருந்தது வலுக்குறைந்த சி-பேண்ட் அலைவரிசை. அந்த அலையின் நீளம் சுமார் 7.5 சென்டிமீட்டர். புதிதாகக் கிடைத்த கேயூ-பேண்டில் அலைநீளம் சுமார் 2.5 சென்டிமீட்டர்தான். அலை குறுகினால், அதைக் குவிக்கச் சிறிய டிஷ்ஷே போதும். கேயூ-பேண்டில் ஒளிபரப்பும் வலுவாக இருந்தது. கேபிள்காரர் மொட்டைமாடியில் வைத்திருந்த பெரிய கிண்ணத்துக்கும், இன்று வீட்டுச் சுவரில் தொங்கும் டிடிஎச் தட்டுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். விலை குறைந்த சின்னத் தட்டு போதும் என்றானதும், சாதாரண வீடுகளுக்கும் அல் ஜசீரா எட்டியது.

செயற்கைக்கோள் நிற்பது பூமத்திய ரேகைக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில். பூமி சுழலும் வேகத்திலேயே அதுவும் சுற்றுவதால், தட்டை ஒருமுறை திருப்பி வைத்தால் போதும். தரையில் நிற்கும் கோபுரத்தின் அலை அடிவானத்தோடு தேய்ந்துவிடும். அதனால் ஒவ்வோர் அரசும் தன் நாட்டுத் தொலைக்காட்சியைத் தன் கைக்குள் வைத்திருக்க முடிந்தது. மேலிருந்து விழும் அலையோ மொராக்கோ முதல் ஓமன் வரை ஒரே நேரத்தில் நனைத்தது.

அதில் வந்த சரக்கும் புதிது. கத்தார் அமீர் ஹமத் கொடுத்த 50 கோடி ரியாலில், 1996 நவம்பர் 1 அன்று ஒளிபரப்பு தொடங்கியது. சவூதிக் கூட்டாளியோடு மோதி அதே ஆண்டு மூடப்பட்ட பிபிசி அரபுத் தொலைக்காட்சியின் ஊழியர்கள் பலர் இங்கே வந்து சேர்ந்தார்கள். ஃபைசல் அல் காசிமின் விவாத நிகழ்ச்சியில் எதிரெதிர்த் தரப்பினர் நேரலையில் கத்தி மோதிக்கொண்டார்கள்; இஸ்ரேலிய அதிகாரிகளும் திரையில் பேசினார்கள். 1999இல் ஒரு விவாதத்தை மக்கள் பார்த்துவிடக் கூடாதென்று அல்ஜீரியாவில் மின்சாரமே துண்டிக்கப்பட்டதாகச் செய்தி வந்தது. பின் லேடனின் ஒளிநாடாக்களை ஒளிபரப்பியதால் அமெரிக்காவின் கோபமும் சேர்ந்தது. 2001இல் காபூல் அலுவலகத்தின் மீதும் 2003இல் பாக்தாத் அலுவலகத்தின் மீதும் அமெரிக்கக் குண்டுகள் விழுந்தன. பாக்தாதில் செய்தியாளர் தாரிக் அய்யூப் உயிரிழந்தார்.

அலைக்கும் பலவீனம் உண்டு. செயற்கைக்கோள், தரையிலிருந்து வருவதை வாங்கி, அலைவரிசையை மாற்றித் திருப்பி அனுப்பும் கருவி மட்டுமே. அனுப்பியவர் யார் என்று அது கேட்பதில்லை. அதே அலைவரிசையில் இன்னும் பலமாக இரைச்சலை ஏற்றினால், கீழே எல்லா வீட்டுத் திரையும் கலங்கும். 2010 உலகக் கோப்பைக் கால்பந்தின்போது அல் ஜசீராவின் ஒளிபரப்பு அப்படித்தான் குலைக்கப்பட்டது.

இன்னொரு பலவீனம் கத்தார் தலைநகர் தோஹாவிலேயே இருக்கிறது. மற்ற அரசர்களைத் துளைத்தெடுக்கும் சேனல், கத்தார் அரண்மனையைப் பற்றி அடக்கி வாசிக்கிறது என்பது நெடுநாள் குற்றச்சாட்டு. 2011இல் எகிப்துப் போராட்டத்துக்குக் கொடுத்த இடத்தை பஹ்ரைன் போராட்டத்துக்குக் கொடுக்கவில்லை என்றும் விமர்சித்தார்கள். 2017இல் சவூதியும் கூட்டாளிகளும் கத்தாரை முற்றுகையிட்டு, அல் ஜசீராவை மூடச் சொன்னார்கள். 2021 ஜனவரியில் முற்றுகைதான் முடிந்தது. சேனல் ஓடிக்கொண்டே இருந்தது. அவ்வளவு நெருக்கடியிலும் அதைத் தாங்கியது கத்தாரின் கருவூலம். அந்தக் கருவூலத்தைப் பற்றித்தான் அது அதிகம் கேள்வி கேட்பதில்லை.