உறவும் விலையும்: மலேசிய வரிச் சட்டத்தில் பரிமாற்ற விலை ஆவணம்

"தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு" என்பது நம் பழமொழி. ஒரே குடும்பத்தார் கையிலுள்ள நிறுவனங்களை வருமான வரிச் சட்டம் நோக்கும் முறையும் இதுவே. தாய் நிறுவனம், துணை நிறுவனம், உடன்பிறப்பு நிறுவனம் என உறவு எத்தகையதாயினும் ஒவ்வொன்றும் தனித்தனி வரிசெலுத்துநர். அவை தமக்குள் பொருள் விற்கும்போதும், சேவை வழங்கும்போதும், கடன் கொடுக்கும்போதும், வணிகப் பெயரைப் பயன்படுத்த இசைவு தரும்போதும் குறிக்கும் விலையே பரிமாற்ற விலை எனப்படும். அவ்விலையை எவ்வாறு முடிவு செய்தோம் என்பதை எழுத்தில் காட்டும் கடமை அண்மை ஆண்டுகளில் மலேசியாவில் இறுகியுள்ளது. அக்கடமையின் பொருளையும் காலத்தையும் இங்கே காண்போம்.

விலையில் அரசுக்கு என்ன அக்கறை? கிள்ளானில் உதிரிப்பாகங்கள் செய்யும் ஆலை ஒன்று இருப்பதாகக் கொள்வோம். அதன் உரிமையாளர்க்கே சிங்கப்பூரில் ஒரு விற்பனை நிறுவனமும் உண்டு. பிறருக்கு 100 ரிங்கிட்டுக்கு விற்கும் பொருளை ஆலை அந்நிறுவனத்துக்கு 80 ரிங்கிட்டுக்குத் தருகிறது. ஆண்டுக்கு 50,000 பொருள்கள் சென்றால், 10 இலட்சம் ரிங்கிட் இலாபம் கிள்ளானை விட்டுச் சிங்கப்பூருக்குப் பெயர்கிறது. நிறுவன வரியின் பொது விகிதம் மலேசியாவில் 24 விழுக்காடு. சிங்கப்பூரில் 17 விழுக்காடு. மலேசியக் கருவூலம் 240,000 ரிங்கிட்டை இழக்கிறது. அவ்விரு நிறுவனங்களும் சேர்ந்து 70,000 ரிங்கிட்டை மிச்சப்படுத்துகின்றன.

இதனைத் தடுக்கும் அளவுகோலை ஆங்கிலச் சட்டமொழி, கையை நீட்டினால் எட்டும் தொலைவு என்னும் உருவகத்தால் குறிக்கிறது. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் தமிழில் பொருள் விளங்காது. 'அயலார் விலை' என்றால் கருத்து உடனே புலப்படும். ஒருவரையொருவர் அறியாத இரு வணிகர், தத்தம் நலத்தைக் கருதிப் பேரம் பேசினால் எவ்விலையில் உடன்படுவார்களோ, அவ்விலையிலேயே உறவு நிறுவனங்களும் கொடுக்கல் வாங்கல் செய்திருக்க வேண்டும்.

மலேசியாவில் இது நேற்று வந்த கொள்கை அன்று. உள்நாட்டு வருமான வரி வாரியம் 2003ஆம் ஆண்டிலேயே வழிகாட்டி வெளியிட்டது. 2009 முதல் வருமான வரிச் சட்டத்தின் 140ஏ பிரிவு இக்கொள்கைக்குத் தனி அதிகாரம் அளித்தது. 2012இல் விதிகள் வந்தன. 2021 சனவரி முதல் நாளிலிருந்து ஆவணம் இல்லாமைக்கே தனித் தண்டம் நடப்புக்கு வந்தது. 2023 மே மாதத்தில் அரசிதழில் வெளியான புதிய பரிமாற்ற விலை விதிகள், 2023 மதிப்பீட்டு ஆண்டு முதல் பழைய விதிகளுக்கு மாற்றாக அமைந்தன.

உறவு என்பது பெரும்பான்மைப் பங்குரிமையால் மட்டும் ஏற்படுவதன்று. ஒரு நிறுவனம் மற்றொன்றில் 20 விழுக்காடு பங்கு வைத்திருந்து, அதனுடன் இயக்குநரை நியமிக்கும் உரிமையோ, தொழிலுக்கு இன்றியமையாத காப்புரிமை போன்றவற்றின் மீதான பிடியோ பெற்றிருந்தால், அதுவும் கட்டுப்பாட்டு உறவாகவே கொள்ளப்படும்.

எல்லா நிறுவனங்களும் ஒரே அளவில் ஆவணம் எழுத வேண்டியதில்லை. வாரியத்தின் 2024 வழிகாட்டியின்படி, மொத்த வணிக வருமானம் 3 கோடி ரிங்கிட்டைத் தாண்டி, உறவு நிறுவனங்களுடனான எல்லை கடந்த பரிவர்த்தனை ஆண்டுக்கு 1 கோடி ரிங்கிட் அல்லது அதற்கு மேல் இருந்தால் முழு ஆவணம் வேண்டும். உறவு நிறுவனங்களுக்கிடையிலான நிதியுதவி ஆண்டுக்கு 5 கோடி ரிங்கிட்டைத் தாண்டினாலும் அவ்வாறே. இவ்வரம்புகளுக்கு உட்பட்டோர் சுருக்க ஆவணம் எழுதலாம். சிலவகை உள்நாட்டுப் பரிவர்த்தனைகளுக்கு விலக்கும் உண்டு. ஆயினும் ஆவணச் சுமைதான் குறைகிறது. அயலார் விலையில் நடந்துகொள்ளும் கடமை சிறு நிறுவனத்துக்கும் உண்டு.

முழு ஆவணத்தில் என்ன இருக்க வேண்டும்? குழுமத்தின் அமைப்பும் தொழிலும் முதலில் வரும். அடுத்து உள்ளூர் நிறுவனத்தின் நிலை. இதன் உயிர்நாடி மூன்று கேள்விகள்: எந்த நிறுவனம் எந்தப் பணியைச் செய்கிறது? எந்தச் சொத்தைப் பயன்படுத்துகிறது? எந்த இடரைத் தாங்குகிறது? கிள்ளான் ஆலையின் 80 ரிங்கிட் விலைக்கு நியாயமான காரணம் இருக்கலாம். கிடங்குச் செலவு, விளம்பரம், வராக்கடன் ஆகிய அனைத்தையும் சிங்கப்பூர் நிறுவனமே ஏற்றிருக்கலாம். 100 ரிங்கிட் தரும் பிறருக்காக இவற்றை ஆலையே சுமந்திருக்கலாம். அவ்வாறாயின் இரண்டு விலைகளும் ஒப்பிடத் தக்கவையல்ல. ஆனால் அக்காரணத்தை வாரியம் தானாக ஊகித்துக்கொள்ளாது. ஒப்பந்தமும் கணக்கேடும் அதைக் காட்ட வேண்டும்.

ஒப்பீட்டிலும் புதிய விதிகள் கண்டிப்பானவை. ஒத்த தொழில் செய்யும் நூறு தனி நிறுவனங்களின் இலாப விகிதங்களைச் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்துவோம். 37.5 விழுக்காட்டு நிலைக்கும் 62.5 விழுக்காட்டு நிலைக்கும் இடைப்பட்ட பகுதியே ஏற்கத்தக்க வரம்பு. அதாவது நடுவிலுள்ள ஏறத்தாழ 25 நிறுவனங்களின் இடம். பல நாடுகளில் நடுவிலுள்ள 50 நிறுவனங்களின் இடம் ஏற்கப்படுகிறது. மலேசிய வரம்பு அதில் பாதியே. வரம்புக்கு வெளியே விழும் விலையை வாரியம் நடு மதிப்புக்குத் திருத்தும்.

அடுத்தது காலம். ஆவணம் வருமான வரிப் படிவத்தைத் தாக்கல் செய்யும் கெடுவுக்கு முன்பே நிறைவு பெற வேண்டும். நிறைவுற்ற நாளும் அதில் குறிக்கப்பட வேண்டும். கணக்காண்டு டிசம்பர் 31இல் முடியும் நிறுவனத்துக்குக் கெடு ஏழு மாதம் கழித்து, ஜூலை 31. வாரியம் கேட்டால் 14 நாள்களுக்குள் அளிக்க வேண்டும். முன்பு இது 30 நாளாக இருந்தது. ஒப்பு நிறுவனங்களைத் தேடி ஆராய்ந்து எழுத 14 நாள் போதாது. கேட்ட பிறகு எழுதத் தொடங்கலாம் என்னும் வழக்கத்தை ஒழிப்பதே இக்கெடுவின் விளைவு.

தவறினால் நேர்வது என்ன? விலை திருத்தப்பட்டால், கிள்ளான் ஆலையின் வருமானத்தில் 10 இலட்சம் ரிங்கிட் சேர்க்கப்படும். அதற்குரிய வரி 240,000 ரிங்கிட். அதன் மேல், திருத்தத் தொகையில் 5 விழுக்காடு வரை, அதாவது 50,000 ரிங்கிட் வரை, கூடுதல் கட்டணம் விதிக்கலாம். நிறுவனம் நட்டத்தில் இருந்து வரியே எழாவிட்டாலும் இக்கட்டணத்துக்கு இடமுண்டு. ஆவணம் அளிக்கத் தவறியதற்கு 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை தண்டம் தனி. வழக்குத் தொடரப்பட்டால் ஆறு மாதம் வரை சிறையும் நேரலாம். இங்கே கூர்ந்து நோக்க வேண்டியது ஒன்று உண்டு. விலை முற்றிலும் நியாயமாக இருந்து, திருத்தம் எதுவும் நிகழாவிட்டாலும், ஆவணம் இல்லாமை தானே ஒரு குற்றம். நேர்மையாக நடந்தவரும் எழுதி வைக்காவிட்டால் தண்டம் செலுத்த நேரிடும்.

இவ்விடத்தில் நம் குடும்ப நிறுவனங்கள் சிந்திக்க வேண்டும். அண்ணன் நிறுவனத்துக்குத் தம்பி நிறுவனம் வட்டியின்றிக் கடன் தருவதும், ஒரே அலுவலகச் செலவை இரண்டு நிறுவனங்கள் வாய்ச்சொல்லாகப் பகிர்வதும் நம்பிக்கையின் அடையாளமாகவே கருதப்பட்டு வந்துள்ளன. ஆனால் வரித் தணிக்கை சில ஆண்டுகள் கழித்தே வரக்கூடும். அப்போது விலையை முடிவு செய்த மூத்தவர் இல்லாமற் போயிருக்கலாம். கணக்கர் வேலை மாறியிருக்கலாம். காரணம் அவர்களோடு போய்விட்டால், நியாயமான விலையையும் நிலைநாட்ட இயலாது.

ஆகவே, ஒவ்வொரு முடிவும் எடுக்கப்படும் அன்றே ஒரு குறிப்பு எழுதுக: யாருக்கு, எதற்கு, என்ன விலை, ஏன். ஆண்டின் முடிவில் வரி ஆலோசகர் ஆவணம் எழுத இக்குறிப்புகளே அடிப்படையாகும். கணக்கேடுகள் மலாய் மொழியிலோ ஆங்கிலத்திலோ இருக்க வேண்டும் என்பது சட்டம். எனினும் முடிவெடுக்கும் உரையாடல் தமிழில் நிகழும் நிறுவனங்கள் நம்மிடையே உள்ளன. அவ்வுரையாடலில் 'இதே விலைக்கு ஓர் அயலார்க்குத் தருவோமா?' என்னும் கேள்வி முதலில் எழட்டும். அதற்குரிய விடையும் அன்றே எழுத்தில் ஏறட்டும்.