முதலில் கத்தியைப் பாருங்கள்

ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கம் வீட்டைச் சுற்றிப் புல்தரை போட்டிருப்பவர்கள், புல்வெட்டும் மெஷின் வாங்கக் கடைக்குப் போகும் முன் தங்கள் மண்ணை ஒரு கைப்பிடி அள்ளிப் பார்ப்பது நல்லது. செம்மண்ணோடு வெள்ளைக் கற்சில்லும் கருங்கல் துகளும் சேர்ந்தே வரும். கிரானைட்டுக்குப் பேர்போன மாவட்டம். பாறை சிதைந்து உண்டான மண்ணில் கல் இல்லாமல் இருக்காது. வீடு கட்டியபோது மிஞ்சிய ஜல்லி வேறு. மெஷினின் அட்டைப்பெட்டியில் குதிரைத்திறனும் வாட் கணக்கும் பெரிய எழுத்தில் இருக்கும். ஆனால் இந்த மண்ணில் அந்த மெஷின் எத்தனை வருடம் உழைக்கும் என்பதைக் கல்லில் போய் மோதுகிற கத்திதான் முடிவு செய்கிறது.

கத்தியில் இரண்டு வகை உண்டு. பழையது உருளைக் கத்தி. திருகலாக வளைந்த ஐந்தாறு தகடுகள் ஓர் அச்சில் உருளும். அடியில் அசையாத பட்டைத் தகடு ஒன்று இருக்கும். இரண்டுக்கும் நடுவே சிக்கும் புல், கத்தரிக்கோலில் அகப்பட்டதுபோல் நறுக்கென்று அறுபடும். இங்கிலாந்தில் ஸ்ட்ரவுட் என்ற கம்பளி ஆலை ஊரைச் சேர்ந்த எட்வின் பட்டிங், 1830-ல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். கம்பளித் துணியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறைச் சமமாக வெட்ட ஆலையில் ஓடிய மெஷின்தான் இதற்கு மூலம். சிப்காட்டில் லேத் ஓட்டிப் பழகிய கைகளுக்கு இதன் நுட்பம் சட்டென்று பிடிபடும்.

இன்னொன்று சுழல் கத்தி. ஒரே பட்டைக் கத்தி தரைக்கு இணையாக மின்விசிறி மாதிரி சுற்றும். சிட்னியில் 1952-ல் மெர்வின் விக்டர் ரிச்சர்ட்ஸன் உருவாக்கிய ‘விக்டா’தான் ஆஸ்திரேலிய வீடுகளுக்குள் இதைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. அவருடைய முதல் மாதிரியில் பெட்ரோல் டாங்க், ஒரு காலியான பீச் பழ டின்!

இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை இயற்பியலில்தான் பார்க்க வேண்டும். உருளை வகையில் புல்லைப் பிடித்துக்கொடுக்க இரண்டாவது தகடு இருக்கிறது. அதனால் வேகம் தேவையில்லை; ஆள் தள்ளினாலே போதும். சுழல் கத்தியிலோ புல்லைப் பிடிப்பார் இல்லை. புல் வளைந்து நழுவுவதற்குள் அடித்துத் துண்டிக்க வேண்டும். அதற்கு அசுர வேகம் வேண்டும், அந்த வேகத்துக்கு மோட்டாரோ இன்ஜினோ வேண்டும். 40 செ.மீ. கத்தி நிமிடத்துக்கு 2,800 சுற்றுச் சுற்றினால், அதன் முனை மணிக்கு 210 கி.மீ. வேகத்தில் பாய்கிறது. வழியில் ஒரு ஜல்லித் துண்டு கிடந்தால், ஏறக்குறைய அதே வேகத்தை வாங்கிக்கொண்டு தெறிக்கக்கூடும். மெஷின் ஓடும்போது பிள்ளைகளை வெளியே விடவே கூடாது. மூடிய ஷூ போடாமல், கண்ணாடி அணியாமல் யாரும் அதைத் தொடவும் கூடாது.

கல்லில் பட்ட கத்தி ஒரு பக்கம் மட்டும் தேயும். ஒரு முனை மற்றதைவிட 20 கிராம் குறைந்துவிட்டது என்று வையுங்கள். அதே 2,800 சுற்றில் அந்த 20 கிராம், அச்சை ஏறத்தாழ 35 கிலோ எடைக்குச் சமமான விசையோடு வெளிப்பக்கம் இழுக்கும். அந்த இழுப்பு நொடிக்கு நாற்பத்தாறு தடவைக்கு மேல் திசை சுற்றி வரும். பேரிங் கெடுவதும் போல்ட் கழல்வதும் கைப்பிடி நடுங்குவதும் பெரும்பாலும் இதனால்தான். தீட்டிய கத்தியை நடுத்துளையில் ஓர் ஆணியில் மாட்டுங்கள். எந்தப் பக்கம் தாழ்கிறதோ அந்தப் பக்கத்தை அரம் போட்டுக் குறையுங்கள். இதற்குச் செலவே இல்லை, இருந்தும் செய்பவர்கள் மிகக் குறைவு.

மொட்டைக் கத்தி புல்லையும் கெடுக்கும். புல் வளர்வது நுனியிலிருந்து அல்ல. வளர்முனை மண்ணை ஒட்டி இருக்கிறது. இலை அடியிலிருந்து மேலே தள்ளப்படுகிறது. மத்திகிரியில் 1824-ல் குதிரைப் பண்ணையாகத் தொடங்கிய கால்நடைப் பண்ணையில் 1,600 ஏக்கருக்கு மேல் நிலம் இருக்கிறது. மேய மேய அங்கே மேய்ச்சல் புல் மறுபடி தழைப்பதும் இந்த அமைப்பால்தான். ஆனால் இலையைக் கிழித்தால் கதை வேறு. கிழிந்த நுனி வழியே நீர் வீணாகும், பூஞ்சை நுழையும். ஓரிரு நாளில் தரை முழுக்கப் பழுப்புப் படரும். நம்மூர் நர்சரிகளில் அதிகம் விற்கும் கொரியன் புல்லின் இலை கடினமானது, கத்தியைச் சீக்கிரம் மழுக்கிவிடும். ஒரு வெட்டில் உயரத்தின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். கோடையில் இன்னும் சற்று உயரமாகவே விடுங்கள்.

எந்த மெஷினை வாங்குவது? ஒரு சென்ட், அதாவது சுமார் 435 சதுர அடி அளவுக்குள் கல் பொறுக்கிய, சமமான புல்தரை என்றால், கையால் தள்ளும் உருளை மெஷினைத் தாராளமாகச் சொல்வேன். அதில் எரிந்துபோக மோட்டார் இல்லை, அடைத்துக்கொள்ளக் கார்புரேட்டரும் இல்லை. ஒரு காகிதத் துண்டைத் தகடுகளுக்கு நடுவே கொடுத்து உருளையைக் கையால் மெல்லத் திருப்புங்கள், விரல்கள் மட்டும் தள்ளியே இருக்கட்டும். காகிதம் சுத்தமாக அறுபட்டால் இடைவெளி சரி. மழுங்கினால் டூவீலர் மெக்கானிக்குகள் வைத்திருக்கும் வால்வு கிரைண்டிங் பேஸ்ட்டைத் தடவி, உருளையைப் பின்பக்கமாகச் சுற்றினால் கூர்மை திரும்பும். ஓசூரில் அந்த பேஸ்ட் கிடைக்காத தெரு குறைவு. கல் பொறுக்கவே முடியாத மேடுபள்ளமான இடமா? அங்கே எந்தத் தகடும் நிற்காது. நைலான் நூல் மாட்டிய பிரஷ் கட்டரே பொருத்தம்.

இடம் பெரிதாக இருந்தால் மின்சாரம். ஒயர் இழுக்கும் மெஷினில் இரண்டைக் கவனியுங்கள். இண்டக்‌ஷன் மோட்டாரின் முறுக்குவிசை மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 230 வோல்ட் 180 ஆகக் குறைந்தால் விசை சுமார் 61 விழுக்காடுதான் மிஞ்சும். அந்த நேரத்தில் ஈரப்புல்லில் விடாமல் தள்ளினால் காயில் சூடேறிக் கருகும். இரண்டாவது, கத்தி ஒயரையே வெட்டிவிடலாம். மின்கசிவு ஏற்பட்டதும் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இல்லாத இணைப்பில் இதை ஓட்டுவது உயிரோடு விளையாடுவது.

பேட்டரி வகையில் அந்த ஆபத்து இல்லை. டிவிஎஸ், ஏத்தர் ஸ்கூட்டர்கள் ஓசூரிலும் ஓலா ஸ்கூட்டர்கள் போச்சம்பள்ளியிலும் தயாராகும் மாவட்டத்தில் லித்தியம் பேட்டரியைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. 40 வோல்ட், 4 ஆம்பியர்-மணி என்றால் கையிருப்பு 160 வாட்-மணி. 500 வாட் இழுக்கும் மெஷினுக்கு அது இருபது நிமிட வேலை. சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைக்குள் முழு சார்ஜோடு போட்டுவைத்தால் பேட்டரி விரைவில் தளரும். பாதி சார்ஜில், வீட்டுக்குள் நிழலில் வையுங்கள்.

பெட்ரோல் மெஷின், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்துத் தோட்ட வீடுகளுக்குச் சரி. 1980-ல் டிவிஎஸ் 50-ஐ உருவாக்கிய ஊரில் சிறு இன்ஜினைப் பிரித்து மாட்ட ஆளுக்குப் பஞ்சமில்லை. ஓசூர் கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 900 மீட்டர் மேலே இருப்பதால் காற்றின் அடர்த்தி சுமார் 8 விழுக்காடு குறைவு. இன்ஜினின் பலமும் அந்த அளவுக்குக் குறையும் என்பதை நினைவில் வைத்து வாங்குங்கள். இப்போது பங்க்குகளில் வருவது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் கிடந்தால் நீரோடு சேர்ந்து அடியில் தங்கி, கார்புரேட்டர் ஜெட்டை அரிக்கும், அடைக்கும். மழை முடிந்து மெஷினை ஓரங்கட்டும்போது டாங்கைக் காலி செய்து, தானாக நிற்கும்வரை ஓட்டிவிடுங்கள்.

ஓசூரிலிருந்து அத்திப்பள்ளி வழியாக நாற்பது கிலோமீட்டர் போனால் பெங்களூரில் ரகம் அதிகம், விலையும் சற்றுக் குறையலாம். அங்கே வாங்குவதில் தவறில்லை. பணம் கொடுக்கும் முன், அந்த மாடலுக்கான மாற்றுக் கத்தியையும் பேரிங்கையும் எடுத்து மேஜைமேல் வைக்கச் சொல்லுங்கள். பேரிங்கின் எண்ணைக் குறித்துக்கொண்டு, அது ஓசூர்க் கடைகளில் கிடைக்கும் வழக்கமான அளவா என்று விசாரியுங்கள். கத்தியில் ஒன்றை மெஷினோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள்.