சாவடி நோட்டும் கைபேசிப் பட்டியலும்

கம்பம் பள்ளத்தாக்கில் ஜனவரி 15 என்றால் பொங்கல் விழா மட்டுமல்ல, பென்னிகுவிக் பிறந்த நாளும்தான். 1895-இல் அவர் கட்டி முடித்த பெரியாறு அணையின் தண்ணீரில்தான் இங்கே 14,707 ஏக்கரில் இருபோக நெல் விளைகிறது. அந்த நன்றிக்காகப் பாலார்பட்டி போன்ற ஊர்களில் அன்றைக்கு ஊரே கூடிப் பொங்கல் வைக்கிறது. விழா ஒரு நாள். அதற்கு முந்தைய வேலையோ பத்து நாளுக்குக் குறையாது.

முன்பெல்லாம் ஊர் விழா எதுவானாலும் முதலில் ஒரு கோடு போட்ட நோட்டு வாங்குவார்கள். முன்பாதியில் தலைக்கட்டு வரிக் கணக்கு, பின்பாதியில் வேலைகள். பந்தல், மைக் செட், வாடகைப் பாத்திரம், சமையல் ஆள், காவல் நிலைய அனுமதி என்று இடப்பக்கம் இருக்கும். எதிரே அதைப் பார்க்க வேண்டியவரின் பெயர். ஏலத்தோட்ட வேலைக்குக் கம்பமெட்டு வழியாக ஜீப்பில் போனவர்கள் அந்தியில் திரும்பி வந்த பிறகு, சாவடியில் அந்தப் பக்கத்தை உரக்க வாசிப்பார்கள். “மைக் செட் என்னாச்சுப்பா?” என்று பெயரைச் சொல்லிக் கேட்டால் பத்துப் பேர் முன்னால் பதில் சொல்லியாக வேண்டும். முடிந்த வேலையின் மேல் பேனாவால் ஒரு கோடு. நோட்டுக்காரர் வெளியூர் போய்விட்டால் மட்டும் எல்லாம் நின்றுவிடும். திருப்பூரிலும் சென்னையிலும் இருக்கும் பிள்ளைகளுக்கோ வரி அனுப்புவதைத் தவிர வேலையில் பங்கே கிடையாது.

2016-இல் ஜியோ வந்து டேட்டா மலிந்ததும் சாவடிப் பேச்சு வாட்ஸ்அப் குழுவுக்கு மாறியது. வெளியூர்ப் பிள்ளைகள் அங்கிருந்தபடியே பிளக்ஸ் போர்டு வடிவமைத்து அனுப்புகிறார்கள். பந்தல்காரருக்கு முன்பணமும் போடுகிறார்கள். பெரிய லாபம் இது.

ஆனால் ஒன்றாக இருந்த பட்டியல் பலவாகிவிட்டது. வாட்ஸ்அப்பில் போட்ட செய்தியை அனுப்பியவர் மட்டுமே திருத்த முடியும், அதுவும் 15 நிமிடத்துக்குள். அதனால் பந்தலை முடித்தவர் பட்டியலை நகலெடுத்து, தன் வரிக்கு எதிரே டிக் போட்டு மறுபடி அனுப்புகிறார். அதே நேரத்தில் இன்னொருவர் பழைய நகலில் பாத்திரத்துக்கு டிக் போடுகிறார். நடுவே வாழ்த்துப் படங்கள் வந்து விழுகின்றன. எது கடைசிப் பட்டியல் என்று யாருக்குத் தெரியும்? மைக் செட்டுக்கு இரண்டு பேர் முன்பணம் கொடுப்பதும், அனுமதி வாங்க ஒருவரும் போகாமல் இருப்பதும் இப்படித்தான் நடக்கிறது. செய்தியை மேலே பின் செய்து வைத்தால் கண்ணில் படும். அதில் டிக் போட வழியில்லை.

இதற்காக டிரெல்லோ மாதிரிப் பெரிய செயலிக்குப் போகச் சொல்ல மாட்டேன். ஆறு மாத வேலைக்கு அது நல்லது. பத்து நாள் வேலைக்கு, எல்லோருக்கும் அதைச் சொல்லிக் கொடுப்பதற்குள் விழாவே முடிந்துவிடும். ஆண்ட்ராய்டு கைபேசி வைத்திருப்பவர்களிடம் பெரும்பாலும் ஜிமெயில் கணக்கு இருக்கும். அது போதும், கூகுள் கீப் என்ற குறிப்புச் செயலியில் ஒரு பட்டியலைத் திறந்து பொறுப்பாளர்களை மட்டும் சேர்க்கலாம். ஒருவர் டிக் போட்டால் அதே பட்டியலில் எல்லோருக்கும் தெரிகிறது. முடிந்தது கீழே இறங்கிவிடுகிறது. மலையடிவாரத்தில் சிக்னல் இல்லாத இடத்தில் டிக் போட்டாலும், சிக்னல் கிடைத்ததும் தானாகச் சேர்ந்துகொள்ளும். இன்ன வேலை இன்னாருக்கு என்று ஒதுக்கும் வசதி மட்டும் அதில் இல்லை. ஆகவே வரியிலேயே பெயரை எழுதிவிட வேண்டும். பணக் கணக்கை அதில் கலக்க வேண்டாம். கூகுள் ஷீட்ஸில் தனியாக வைத்தால் கூட்டல் பிழை வராது.

பேச்சும் வாழ்த்தும் வாட்ஸ்அப்பிலேயே இருக்கட்டும். இந்தத் தைக்கு வேலை பிரிக்கும்போது பட்டியலை மட்டும் வெளியே எடுத்து ஓரிடத்தில் வையுங்கள், வரிக்கு ஒரே பெயராக. கைபேசி பழகாத பெரியவர்களுக்காக மாலையில் ஒருமுறை சாவடியில் அதை உரக்க வாசியுங்கள்.