தாத்தா விட்டுச்சென்ற ரிவால்வர்: முதலில் போக வேண்டிய இடம் போலீஸ் ஸ்டேஷன்

இரண்டாம் உலகப் போருக்குப் போய்வந்த தாத்தா காலமாகிறார். டிரங்குப் பெட்டியைத் திறந்தால், எண்ணெய்த் துணியில் சுற்றிய வெப்ளி ரிவால்வரும் பச்சை பூத்த நாலைந்து தோட்டாக்களும் கிடக்கின்றன. அதற்குமேல் நடப்பது பெரும்பாலும் தப்பாகவே நடக்கிறது. பேரன் படம்பிடித்து வாட்ஸ்அப்பில் போடுகிறான். மருமகன் பழம்பொருள் சேகரிப்பவரிடம் விலை பேசுகிறார். பயந்த குடும்பமென்றால் கிணற்றில் எறிகிறது.

“நூறு வருஷப் பழசு, லைசென்ஸ் வேண்டாம்” என்று யாராவது சொல்லியிருப்பார்கள். நம்பாதீர்கள். நூறு ஆண்டுக் கணக்கு 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்தில் வருவது. துப்பாக்கிக்கு 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம்தான். அதன் 45-ஆவது பிரிவு பழைய ஆயுதத்துக்கு விலக்கு தருகிறது. ஆனால் பழுதுபார்த்தாலும் சுட முடியாததாக அது இருக்க வேண்டும். துருப்பிடித்தது, ஸ்பிரிங் போனது என்பதெல்லாம் போதாது. 1915-இல் பிரிட்டிஷ் ராணுவம் ஏற்ற வெப்ளி மார்க் 6 இன்றும் சுடக்கூடியது. அதன் .455 தோட்டா, தடைசெய்யப்பட்ட போர் (bore, குழல் விட்டம்) வகை. அதற்கான உரிமம் கலெக்டர் கையில் இல்லை, மத்திய உள்துறை அமைச்சகத்திடம் இருக்கிறது. தடைசெய்யப்பட்ட இந்த வகையை உரிமமின்றி வைத்திருந்தால், 2019 திருத்தத்துக்குப் பின், 7 முதல் 14 ஆண்டு வரை சிறை.

செய்ய வேண்டியது 21-ஆவது பிரிவில் இருக்கிறது. உரிமம் பெற்றவர் இறந்ததும், வீணாகத் தாமதிக்காமல் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற துப்பாக்கி வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும். பஸ்ஸில் பையில் போட்டுக்கொண்டு கிளம்பாதீர்கள். முதலில் நிலையத்துக்கு எழுத்தில் தெரிவித்து, எப்படிக் கொண்டுவருவது என்று கேளுங்கள். ரசீதில் துப்பாக்கியின் வரிசை எண், போர் அளவு, தோட்டாக்களின் எண்ணிக்கை மூன்றும் இருக்கட்டும். “அப்புறம் வாங்க” என்று ரைட்டர் அலைக்கழிப்பது வழக்கம்தான். அன்றே ஸ்பீட் போஸ்ட்டில் எஸ்.பி.க்கும் கலெக்டருக்கும் எழுதுங்கள். ரசீது இல்லாமல் துப்பாக்கியைக் கொடுத்துவிட்டு வராதீர்கள்.

வைத்துக்கொள்ள விரும்பும் வாரிசு 2016 ஆயுத விதிகளின்படி விண்ணப்பிக்கலாம். இறப்புச் சான்றிதழ், தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் ஆட்சேபணையில்லாக் கடிதம், தாத்தாவின் உரிமப் புத்தகம் எல்லாம் வேண்டும். விண்ணப்பத்தைக் கொடுக்கும் இடம், சென்னையில் போலீஸ் கமிஷனர் அலுவலகம், மாவட்டங்களில் கலெக்டர் அலுவலகம். வேண்டாமென்றால், ஒப்படைத்த நிலையிலேயே, வைத்துக்கொள்ளத் தகுதியுள்ளவருக்கு விற்கச் சட்டம் இடம் தருகிறது. சேகரிப்பவருக்கும் நேர்வழி இது ஒன்றே. விதிகள் குறிக்கும் கெடுவுக்குள் எதுவும் செய்யாவிட்டால் துப்பாக்கி அரசுடைமையாகிவிடும்.

தோட்டாவை மறந்துவிடுகிறார்கள். துப்பாக்கி இல்லாமல் தோட்டா மட்டும் வைத்திருப்பதும் குற்றமே. உள்ளே இருப்பது கார்டைட் என்னும் வெடிமருந்து; வயதாக வயதாக அது எப்படி நடந்துகொள்ளும் என்று சொல்ல முடியாது. தேய்த்துப் பளபளப்பாக்காதீர்கள், அடிப்பாகத்தைத் தட்டாதீர்கள், அடுப்பில் போடாதீர்கள். சாவிக்கொத்தில் கோத்த ஒற்றைத் தோட்டாவும் விமான நிலைய ஸ்கேனரில் தெரியும். தெரியாமல் பையில் கிடந்தது என்று உயர் நீதிமன்றங்கள் இத்தகைய வழக்குகளை ரத்து செய்திருக்கின்றன. ஆனால் அதற்கு முன்பே விமானம் போயிருக்கும், வக்கீல் செலவும் தலையில் விழுந்திருக்கும்.