கோயிலையும் பள்ளியையும் கேட்டால் விடை தரும் உரையாடி

மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையம் 2025 ஜனவரியில் புலனம் (வாட்ஸ்அப்) செயலியில் அறிமுகப்படுத்திய ஐஃபா என்னும் உரையாடி, கைக்கு வந்து சேரும் ஒரு செய்தி உண்மையா என்பதை மலாய், ஆங்கிலம், மாண்டரின், தமிழ் ஆகிய நான்கு மொழிகளிலும் கேட்டறிய வழிசெய்தது. உரையாடி என்பது, ஒருவர் அனுப்பும் கேள்வியை வாங்கி, இடையில் மனிதர் எவரும் இல்லாமலேயே விடை அனுப்பும் கணினி நிரல். ஐஃபா செயற்கை நுண்ணறிவைக் கொண்டு இயங்குகிறது. ஆனால் குறித்த சொல்லைக் கண்டால் குறித்த விடையைத் தரும் எளிய நிரலே பேராக் மாநிலத்தின் பழைய ரப்பர் தோட்டத்து மக்களுக்குப் பெரிதும் பயன்படும்.

அத்தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்ட காலத்தில், பேராக்கின் சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன், தொழிலாளர்கள் கூட்டாகத் தோட்டங்களை வாங்குவதற்காக 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். எனினும் பால்மரங்கள் இருந்த இடத்தைச் செம்பனையும் வீடமைப்புத் திட்டங்களும் பிடித்துக்கொள்ள, லயங்கள் எனப்படும் தோட்டத்து வரிசை வீடுகளில் வாழ்ந்த பலர் ஈப்போ முதலிய நகரங்களுக்குப் பெயர்ந்தனர். பெரட்டு எனப்படும் காலை ஆள்கணக்கெடுப்பில் கூடிநின்று செய்தி அறிந்தவர்களின் பிள்ளைகள், இன்று மாரியம்மன் கோயில் திருவிழா எப்போது, தமிழ்ப்பள்ளி முதலாம் ஆண்டுப் பதிவுக்கு எந்தெந்தப் பத்திரங்கள் தேவை என்பனவற்றைக் கைப்பேசிக் குழுக்களில்தான் கேட்கின்றனர்.

இக்கேள்விகளுக்கு விடை தரும் உரையாடியைப் புலனத்தில் அமைக்க முனைந்தால், அதன் வணிகத் தளத்தில், பயனர் கடைசியாக எழுதி 24 மணி நேரம் கடந்துவிட்டால், முன்னரே ஒப்புதல் பெற்ற வாசகங்களை மட்டுமே அனுப்ப இயலும் என்பது போன்ற கட்டுப்பாடுகள் உள்ளன. ஆதலால், 2015 ஜூனில் உரையாடிகளுக்கு இடமளித்த டெலிகிராமில் தொடங்குவதே எளிது. அதில் பாட்ஃபாதர் என்னும் கணக்குக்கு நியூபாட் என்ற கட்டளையை அனுப்பிப் பெயரைக் கொடுத்தால், டோக்கன் எனப்படும் நீண்ட குறியீடு கிடைக்கும். அதை அறிந்தவர் எவரும் உரையாடியைத் தம் விருப்பப்படி இயக்கலாம் என்பதால், அதனைக் குழுவில் பகிரவே கூடாது. பைத்தான் மொழியில் எழுதிய சிறு நிரல் இந்த டோக்கனைக் காட்டிப் புதிய செய்திகளைக் கேட்டு வாங்கும். வாங்கப்படாத செய்திகளை டெலிகிராம் 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்காது. பயனர் உரையாடிக்கு இடும் கட்டளைகள் ரோமன் எழுத்தில் மட்டுமே அமையும். எனவே முதியோர் தொட்டுத் தேர்வதற்குத் தமிழில் பொத்தான்களை வைப்பது இன்றியமையாதது.

உண்மையான உழைப்பு தமிழில்தான் இருக்கிறது. கணினிக்கு 'ல்' என்பது லகரமும் புள்ளியும் சேர்ந்த இரண்டு குறிகள்; 'கோயிலுக்கு' என்று எழுதும்போது அந்தப் புள்ளி இருந்த இடத்தில் உகரக்குறி வந்துவிடுவதால், 'கோயில்' என்று தேடும் நிரல் அதைக் கண்டுகொள்ளாது; புள்ளியை நீக்கி 'கோயில' என்று தேடினால் இரண்டும் அகப்படும். மேலும், 'கோ'வில் உள்ள ஓகாரக்குறியை யூனிகோடு முறையில் ஒரே குறியாகவும், இரட்டைக்கொம்பு, கால் என இரு குறிகளாகவும் பதியலாம். கண்ணுக்கு ஒன்றாகவே தோன்றும் இவற்றை முதலில் ஒரே வடிவாக்கிக்கொள்ள வேண்டும். கோவில் என்று எழுதுவோர், ரோமன் எழுத்தில் தமிழைத் தட்டுவோர், பள்ளியை 'செக்கோலா' என்று மலாயில் கேட்போர் ஆகிய அனைவருக்கும் சொற்பட்டியலில் இடம் வேண்டும்.

பொருந்தும் சொல் கிடைக்காதபோது, உரையாடி தனக்குத் தெரியாது என்று சொல்லி, கேள்வியைக் கோயில் அல்லது பள்ளிப் பொறுப்பாளருக்கு அனுப்ப வேண்டும். அடையாள அட்டை எண்ணை எக்காரணம் கொண்டும் கேட்கக் கூடாது.