வட்டில் எஞ்சியுள்ள இடத்தைக் கட்டளைவரியில் அறிதல்

ஒரு வன்தட்டின் அல்லது பென்டிரைவின் மொத்தக் கொள்ளளவு எவ்வளவு, அதில் பயன்படுத்தப்பட்டது எவ்வளவு, எஞ்சியிருப்பது எவ்வளவு என்பதைப் பணிசெயல் முறைமையிடம் இரு வழிகளில் கேட்கலாம். ஒன்று, வரைவியல் பயனர் இடைமுகத்தில் சின்னத்தைச் சொடுக்கிப் பார்ப்பது. மற்றையது, கட்டளைவரி இடைமுகத்தில் கட்டளையைத் தட்டச்சிட்டுப் பெறுவது. முதலாவது இலகுவானதுதான். எனினும் லினக்ஸ் கணினி ஒன்றின் வட்டு முற்றாக நிரம்பிவிட்டால் சிலவேளை வரைவியல் திரைக்குள் நுழையவே முடியாமற் போகும். அப்போது கைகொடுப்பது கட்டளைவரி மட்டுமே.

இங்கு கட்டளைகளின் எழுத்துகளைத் தமிழ் ஒலியில் தந்துள்ளோம். கணினியில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்துகளாக, நடுவே புள்ளியின்றித் தட்டச்சிடுக.

முதலில் விண்டோஸ். விண்டோஸ் விசையுடன் ஆர் விசையை அழுத்தி, தோன்றும் பெட்டியில் சி.எம்.டி எனத் தட்டச்சிட்டால் கட்டளைச் சாளரம் திறக்கும். அதில் டி.ஐ.ஆர் எனத் தட்டச்சிட்டு என்ரர் விசையை அழுத்துங்கள். நீங்கள் நிற்கும் கோப்புறையின் கோப்புகள் பட்டியலாக வரும். பலரும் பட்டியலை மட்டும் பார்த்துவிட்டு நின்றுவிடுகின்றனர். நமக்கு வேண்டியது கடைசி இரு வரிகளே. முதல் வரியில் கோப்புகளின் எண்ணிக்கையும் அவற்றின் மொத்தப் பைற்றுகளும், அடுத்த வரியில் கோப்புறைகளின் எண்ணிக்கையும் வட்டில் எஞ்சியுள்ள பைற்றுகளும் இருக்கும். கட்டளையின் பின் ஒரு சாய்கோடும் எஸ் என்ற எழுத்தும் சேர்த்தால் உட்கோப்புறைகளும் கணக்கிடப்படும். சாய்கோடும் ஏ என்ற எழுத்தும் சேர்த்தால் மறைக்கப்பட்ட கோப்புகளும் வெளிப்படும்.

லினக்ஸில் இவ்வேலைக்கு இரண்டு கட்டளைகள் உள்ளன. இரண்டும் 1971 இல் வெளிவந்த யுனிக்ஸின் முதற் பதிப்பிலேயே இருந்தவை. டி.எவ் என்பது ஒரு கோப்பு முறைமை முழுவதிலும் எவ்வளவு இடம் மிஞ்சியுள்ளது எனக் கூறும். டி.யூ என்பது ஒரு கோப்புறை எவ்வளவு இடத்தைப் பிடித்துள்ளது எனக் கூறும். ஒன்று வீட்டில் வெற்றிடம் எவ்வளவு என்பதற்கு விடை; மற்றையது இந்த அலுமாரி எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்பதற்கு விடை. பரீட்சையில் இவ்விரண்டையும் மாற்றி எழுதிப் புள்ளியை இழக்க வேண்டாம்.

இரண்டு கட்டளைகளுடனும் ஓர் இடைவெளி விட்டு, இடைக்கோடும் எச் என்ற எழுத்தும் சேர்ப்பது நல்லது. அப்போது நீண்ட எண்களுக்குப் பதிலாக மெகாபைற்று, கிகாபைற்று அளவுகளில் விடை வரும். எச் சிற்றெழுத்தாக இருப்பது முக்கியம். டி.எவ் கட்டளையுடன் பேரெழுத்தில் இட்டால் 1024 இற்குப் பதிலாக 1000 ஆல் வகுத்துக் காட்டும், எண் மாறிவிடும். லினக்ஸில் சிற்றெழுத்தும் பேரெழுத்தும் வெவ்வேறானவை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேவையில்லை.

இந்த 1000, 1024 வேறுபாடே மாணவர்களை அதிகம் குழப்புவது. 500 கிகாபைற்று என அட்டையில் அச்சிடப்பட்ட வன்தட்டை விண்டோஸில் பார்த்தால் 465 என்றே காட்டும். கடைக்காரர் ஏமாற்றவில்லை. உற்பத்தியாளர் ஒரு கிகாபைற்றை 1,000,000,000 பைற்று எனக் கொள்கிறார். விண்டோஸ் 1024 × 1024 × 1024, அதாவது 1,073,741,824 பைற்று எனக் கொள்கிறது. 500,000,000,000 ஐ அதனால் வகுத்துப் பாருங்கள், ஏறத்தாழ 465.66 வரும்.

இன்னொரு புதிர். டி.எவ் காட்டும் விடையில் மொத்தம் 40 கிகாபைற்று, பயன்படுத்தியது 36, கிடைக்கக்கூடியது 2 என்றிருக்கலாம். 40 இலிருந்து 36 போனால் 4 அல்லவா? லினக்ஸில் வழக்கிலுள்ள எக்ஸ்ட் 4 கோப்பு முறைமை, வடிவமைக்கும்போதே வழமையாக 5 சதவீதத்தை முறைமை நிருவாகிக்கென ஒதுக்கி வைத்துவிடும். 40 இல் 5 சதவீதம் 2. சாதாரண பயனர் வட்டை நிரப்பிவிட்டாலும் நிருவாகி உள்ளே நுழைந்து சீர்செய்ய அந்த இடம் உதவும்.

இனி, உங்கள் செயற்றிட்டம் உள்ள பென்டிரைவுக்கு வருவோம். ஆய்வுகூடத்து லினக்ஸ் கணினியில் பழைய கோப்புகளை எல்லாம் அழித்துவிட்டீர்கள். கோப்புறைச் சாளரத்தில் ஒன்றுமேயில்லை. ஆனால் புதிய கோப்பைச் சேமிக்கும்போது இடமில்லை என்ற செய்தி வருகிறது. பழுதடைந்துவிட்டது என எண்ணி உடனே வடிவமைக்கத் தொடங்க வேண்டாம். சாளரத்தில் அழித்த கோப்புகள் உண்மையில் அழியவில்லை. பென்டிரைவிலேயே உள்ள, புள்ளியில் தொடங்கும் பெயரைக் கொண்ட மறைந்த குப்பைக் கோப்புறைக்குச் சென்றுள்ளன. லினக்ஸில் புள்ளியில் தொடங்கும் பெயர்கள் சாதாரண பட்டியலில் தெரியா. பென்டிரைவின் உள்ளே நின்றுகொண்டு டி.யூ கட்டளையை இடைக்கோடு எச் உடன் இயக்கினால் அக்கோப்புறையும் அதன் பருமனும் வெளியே வந்துவிடும். குப்பையை வெறுமையாக்கினால் இடம் மீளும். வெறுமையாக்குமுன், தவறுதலாக அழித்த கோப்பு ஏதும் அங்கே உண்டா எனப் பாருங்கள். உங்கள் செயற்றிட்டமே அதனுள் கிடக்கலாம்.

கட்டளைவரியில் அழிப்பது வேறு விதம். விண்டோஸில் டி.ஈ.எல், லினக்ஸில் ஆர்.எம் ஆகிய கட்டளைகளால் அழித்தவை மீள்சுழற்சித் தொட்டிக்கோ குப்பைக் கோப்புறைக்கோ செல்வதில்லை. ஆகவே இடம் போதாதபோது, அளவைக் காட்டும் கட்டளைகளைத் தயக்கமின்றி இயக்குங்கள். அவை எதையும் மாற்றுவதில்லை. அழிக்கும் கட்டளையை இடுமுன் கோப்பின் பெயரை இருமுறை வாசியுங்கள்.

சிலவேளை டி.எவ், டி.யூ ஆகியவற்றின் கூற்றுகள் ஒன்றுக்கொன்று பொருந்தாமலும் இருக்கும். ஒரு மென்பொருள் திறந்து வைத்திருக்கும் கோப்பை நீங்கள் அழித்தால், கோப்புறையில் பெயர் இல்லாததால் டி.யூ அதைக் கணக்கிடாது. இடம் இன்னும் விடுவிக்கப்படாததால் டி.எவ் அதைக் கணக்கிடும். அம்மென்பொருளை மூடியதும் இரண்டும் நெருங்கிவிடும்.

கோப்பின் அளவும் அது வட்டில் பிடிக்கும் இடமும் ஒன்றல்ல என்பதையும் சேர்த்து விளங்கிக்கொள்க. வட்டில் இடம் கொத்தணி கொத்தணியாகவே வழங்கப்படும். ஒரு கொத்தணியின் ஒரு பகுதியை மட்டும் கோப்பு நிரப்பினாலும் எஞ்சிய பகுதியை வேறு கோப்புக்குக் கொடுப்பதில்லை.

வினா: ஒரு கொத்தணி 4096 பைற்று. 10,000 பைற்று அளவுள்ள 50 கோப்புகள் வட்டில் பிடிக்கும் இடம் எத்தனை கிலோபைற்று?

விடை: 10,000 ஐ 4096 ஆல் வகுக்க 2.44 வரும். கொத்தணியை உடைக்க முடியாது. எனவே ஒரு கோப்புக்கு 3 கொத்தணிகள்.
3 × 4096 = 12,288 பைற்று.
50 × 12,288 = 614,400 பைற்று.
614,400 ÷ 1024 = 600 கிலோபைற்று.

கோப்புகளின் உண்மை அளவைக் கூட்டினால் 500,000 பைற்றுதான். மீதி 114,400 பைற்று கொத்தணிகளின் வால்களில் வெறுமையாகக் கிடக்கிறது. இக்கோப்புறையில் டி.யூ கட்டளையை இயக்கினால் 600 உடன் கோப்புறை தனக்கென எடுத்த கொத்தணியும் சேர, வழமையாக 604 எனக் காட்டும்.