கடாரங்கொண்டான்: வீரனா? கொடியவனா?

  

ஒருநாள் ஐந்தாம் ஆண்டு வகுப்பில் இராசேந்திர சோழனைப் பற்றிக் கூறிக்கொண்டிருந்தேன். "கடல் கடந்து சென்று கடாரத்தை வென்ற தமிழ் வேந்தன்" என்றதும் வகுப்பே கைதட்டியது. ஓசை அடங்கியபின், பின்வரிசையில் இருந்த ஒரு மாணவி எழுந்தாள். "ஐயா, கடாரம் என்பது நம் கெடாதானே? அங்கிருந்த பிள்ளைகள் அன்றைக்கு என்ன செய்திருப்பார்கள்?" என்று கேட்டாள்.

முப்பது ஆண்டுகளாக இக்கதையைச் சொல்லி வந்தும், அவ்வினா என் மனத்தில் ஒருமுறையேனும் எழுந்ததில்லை. விடை கூற அறியாது நின்றேன். நல்லவேளையாகப் பள்ளி மணி அடித்தது. அம்மாணவிக்கு அன்று தரத் தவறிய விடையே இக்கட்டுரையாகும்.

நடந்தது என்ன?

இராசராச சோழனின் மைந்தனாகிய இராசேந்திரன் கி.பி. 1014 முதல் 1044 வரை அரசாண்டவன். வடக்கே கங்கை வரை படை செலுத்தியவன். அவ்வெற்றியின் நினைவாகக் கங்கைகொண்ட சோழபுரம் என்னும் தலைநகரை எழுப்பியவன். ஏறத்தாழ 1025ஆம் ஆண்டில் அவனுடைய கப்பற்படை வங்கக் கடலைக் கடந்து கிழக்கே வந்தது.

அக்காலத்தில் சுமத்திராத் தீவின் பலெம்பாங்கை நடுவாகக் கொண்டு விளங்கிய ஸ்ரீவிஜயப் பேரரசு, மலாக்கா நீரிணை வழியே செல்லும் வாணிபத்தில் பெரும் செல்வாக்குப் பெற்றிருந்தது. கடாரமும் அவ்வரசின் பெருந்துறைமுகம். சோழர் படை ஸ்ரீவிஜயம், பண்ணை, மலையூர், இலங்காசோகம், தக்கோலம், இலாமுரிதேசம், மாநக்கவாரம், கடாரம் முதலிய ஊர்களை வென்றதாகவும், சங்கிராம விசயோத்துங்கவர்மன் என்னும் மன்னனைச் சிறைப்பிடித்து, அவனுடைய யானைகளையும் பெருஞ்செல்வத்தையும் அணி செய்யப்பட்ட நகர வாயிலையும் கைக்கொண்டதாகவும் தஞ்சைப் பெரிய கோயிலில் உள்ள இராசேந்திரனின் கல்வெட்டு கூறுகின்றது.

எடை போடும் முறை

கையால் கொழுந்து கிள்ளிய காலத்தை நம் பெரியோர் நன்கறிவர். கொழுந்து நிறுக்கும் இடத்தில் கூடையோடு வைத்து எடை பார்ப்பார்கள். பின்னர்க் கூடையின் எடையைக் கழிப்பார்கள். மழைநாளில் இலையில் ஒட்டிய நீருக்கும் கழிப்பார்கள். எஞ்சி நிற்பதே கொழுந்து. வரலாற்றையும் அவ்வாறே நிறுத்தல் வேண்டும். புகழ்ச்சியைக் கழிக்க வேண்டும். பகையையும் கழிக்க வேண்டும்.

எனவே எந்த வெற்றி வேந்தனைப் பற்றிப் படித்தாலும் நான்கு வினாக்களைக் கேட்டுப் பழகுங்கள்.

முதல் வினா: இதைச் சொன்னவர் யார்?

தஞ்சைக் கல்வெட்டு வென்றவன் வெட்டுவித்தது. அதில் யானைகள் உண்டு, பொருட்குவியல் உண்டு; இறந்தவர் எத்தனை பேர் என்னும் கணக்கு இல்லை. கடாரத்து மக்கள் அந்நாளைப் பற்றி எழுதி வைத்த சொல் ஒன்றும் நமக்குக் கிட்டவில்லை.

ஆனால் வேறிடத்தில் தோற்றவர் பேசியிருக்கின்றனர். 1017ஆம் ஆண்டில் சோழர் ஈழத்து மன்னன் ஐந்தாம் மகிந்தனைச் சிறைப்பிடித்தனர். அவன் சோழ நாட்டிலேயே 1029ஆம் ஆண்டில் மாண்டான். சோழர் படை விகாரங்களை உடைத்துப் பொன்னைக் கவர்ந்தது என்று சிங்களவரின் சூளவம்சம் வருந்திக் கூறுகின்றது. இராசேந்திரன் இளவரசனாகப் படை நடத்திய காலத்தில், பெண்களும் குழந்தைகளும் கொல்லப்பட்டனர் என்று கருநாடகத்து ஹொட்டூரில் உள்ள 1007ஆம் ஆண்டுச் சாளுக்கியக் கல்வெட்டு முறையிடுகின்றது. அது பகைவரின் கல்வெட்டு. சோழர் ஒன்பது இலட்சம் படையோடு வந்தனர் என்று அது சொல்வதை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. ஆயினும் எண்ணைக் கழித்தபின்னும் கண்ணீர் எஞ்சி நிற்கின்றது.

இரண்டாம் வினா: எதற்காகச் சென்றான்?

கடாரத்தார் சோழ நாட்டின்மேல் படையெடுத்து வந்ததாகச் சான்று இல்லை. அதற்கு மாறாக இரு நாடும் நட்புக் கொண்டிருந்தன. ஸ்ரீவிஜய மன்னர் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் என்னும் புத்தப் பள்ளியை எழுப்பினர். இராசராசன் அதற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரைக் கொடையாக அளித்தான். லெய்டன் செப்பேடுகள் என்று பெயர் பெற்ற ஏடுகளில் அக்கொடை பொறிக்கப்பட்டுள்ளது. தந்தையின் கொடையை நிலைபெறச் செய்தவன் யார் தெரியுமா? இதே இராசேந்திரன்தான்! கொடையை உறுதி செய்த வேந்தனே பின்னாளில் அந்நண்பன் மேல் கப்பல் ஏவினான். சீனத்தோடு நடந்த கடல் வாணிபத்தில் எழுந்த போட்டியே இதற்குக் காரணம் என அறிஞர் பலர் கருதுகின்றனர். வெற்றிப் புகழின் மேல் கொண்ட வேட்கையே என்பாரும் உளர்.

மூன்றாம் வினா: வென்றபின் செய்தது என்ன?

கடாரத்தில் சோழர் நிலையான ஆட்சி எதனையும் அமைக்கவில்லை. 1068ஆம் ஆண்டளவில் வீரராசேந்திரன், தன்னிடம் அடைக்கலம் வந்த ஒருவனுக்காகக் கடாரத்தை வென்று அவனிடமே திருப்பித் தந்தான். 1088ஆம் ஆண்டில் சுமத்திராவின் பாருஸ் அருகே தமிழ் வணிகர் குழுவினர் கல்வெட்டு நாட்டினர். 1090ஆம் ஆண்டில் கடாரத்து மன்னனின் தூதர் வேண்டியபடி முதலாம் குலோத்துங்கன் நாகப்பட்டினத்து விகாரத்தின் ஊர்களுக்கு வரி நீக்கினான். வாள் அறுத்த உறவை வணிகரும் தூதரும் மீண்டும் இணைத்தனர்.

நான்காம் வினா: எந்த அளவுகோலால் அளப்பது?

"அக்காலத்து அரசர் எல்லாரும் அப்படித்தானே?" என்று சிலர் கேட்கலாம். அது ஓரளவு மெய்யே. இன்றைய சட்டத்தைக் கொண்டு ஆயிரம் ஆண்டுகட்கு முன்னிருந்தவனைக் கூண்டில் நிறுத்தல் முறையன்று. ஆனால் அவனுக்கும் முன்னரே தமிழரிடம் ஓர் அறம் இருந்தது. போர் தொடங்குமுன் பசுக்களும் பெண்டிரும் பிணியுற்றோரும் பாதுகாப்பான இடம் தேடிச் செல்லுமாறு அறிவித்த அறவழியைப் போற்றி, பாண்டியன் முதுகுடுமிப் பெருவழுதியை நெட்டிமையார் புறநானூற்றில் பாடினார். கலிங்கத்தை வென்ற அசோகனோ, அங்கு மாண்டவரை எண்ணித் தான் வருந்தியதைப் பாறையில் வெட்டி வைத்தான். ஆகவே வருந்துதல் பழங்காலத்தார் அறியாத ஒன்றன்று.

உலகெங்கும் இதே வழக்குத்தான். அலெக்சாந்தர் கிரேக்கருக்கு மாவீரன். கி.மு. 330இல் அவன் எரித்த பெர்செபொலிஸ் நகரைத் தம் நகராகக் கொண்ட பாரசீகரின் சமய நூல்களிலோ அவன் சபிக்கப்பட்டவன். நம் நாட்டுச் செஜாரா மெலாயுவோ மலாய் மன்னர் குலத்தை இஸ்கந்தர் சுல்கர்னாயின் வழியில் வந்ததாகப் பெருமையோடு கூறுகின்றது. மனிதன் ஒருவனே, நிற்கும் இடத்திற்கேற்பப் பெயர் மாறுகின்றது.

நம் மலைக்கும் இது பொருந்தும். 1885ஆம் ஆண்டில் வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் இம்மலைப் பகுதிக்கு வந்தார். மலை அவர் பெயரைப் பெற்றது. ஆனால் அவர் வருமுன்னரே செமாய் மக்கள் இங்கு வாழ்ந்து வந்தனர். அவர்கள் எதையும் "கண்டுபிடிக்க" வேண்டிய தேவை இருக்கவில்லை.

என் தீர்ப்பு

இராசேந்திரன் பெருந்திறலோன் என்பதில் ஐயமில்லை. அத்துணைப் படையையும் உணவையும் நீரையும் மரக்கலங்களில் ஏற்றி, காற்றின் போக்கறிந்து கடல் கடந்த ஆற்றல் உலகம் வியக்கத்தக்கது. அக்கப்பல்களைக் கட்டிய தச்சரும் செலுத்திய மாலுமிகளும் அப்புகழுக்கு உரியவரே. ஆனால் தன்னைத் தாக்காத நண்பன் ஊரைச் சூறையாடியது அறச்செயல் அன்று. திறமையைப் போற்றுகின்றேன், செயலைப் போற்ற மாட்டேன். ஒருவனை முழுக்க வீரன் என்றோ முழுக்கக் கொடியவன் என்றோ ஒரே சொல்லில் முடிப்பது எளிது. எளியது எல்லாம் உண்மையாகிவிடாது.

இதை ஏன் இவ்வளவு வலியுறுத்துகின்றேன்? "ஆண்ட பரம்பரை நாம்" என்று நம் இளைஞர் மார்தட்டுவதைக் கேட்கின்றேன். அவ்வாறு பேசினால், இடைநிலைப் பள்ளியில் நம் பிள்ளைக்கு அருகில் அமரும் மலாய்ப் பிள்ளை தோற்றவனின் பேரனாகிவிடுகின்றான். தோழமைக்கு அது நல்ல தொடக்கமா? மேலும், நம் பாட்டனும் பாட்டியும் சோழன் கப்பலில் வந்தவர் அல்லர். அவர்களுள் பலர் அதே நாகப்பட்டினத்தில் ரஜூலா போன்ற கப்பல்களில் ஏறிப் பினாங்கில் இறங்கியவர்கள். 1929ஆம் ஆண்டு முதல் இம்மலையில் காடு திருத்தித் தேயிலை நட்டவர்கள். யாருடைய ஊரையும் அவர்கள் கொள்ளையிடவில்லை. அவர்கள் பெயர் எக்கல்வெட்டிலும் இல்லை. இந்தப் பச்சைச் சரிவுகளில் இருக்கின்றது. நான் பெருமை கொள்வது அவர்களைப் பற்றியே.

பெற்றோர்களே, பள்ளி விடுமுறையில் வடக்கே செல்ல நேர்ந்தால், கெடாவில் ஜெராய் மலையடியில் மெர்போக்கிலுள்ள பூஜாங் பள்ளத்தாக்குத் தொல்பொருட் காட்சியகத்திற்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். அங்கே கடாரத்துக் கோயில்களின் அடித்தளங்களைக் காணலாம். அக்கற்களைத் தொட்டு, இங்கு வாழ்ந்தவர் யார் என்று வினவச் சொல்லுங்கள்.

அன்று பின்வரிசையில் எழுந்து நின்ற மாணவியே! கடாரத்துப் பிள்ளைகள் அன்று என்ன செய்தார்கள் என்பதை எந்த ஏடும் நமக்குச் சொல்லவில்லை. அவர்கள் அங்கு இருந்தார்கள் என்பதை எனக்கு நினைவூட்டியவள் நீ. இனி அப்பாடத்தை நடத்தும்போதெல்லாம் அவர்களையும் சேர்த்தே நடத்துவேன்.